பட்டை தோலுக்கு, இலை உடம்புக்கு: ஆவாரையும் வட ஆற்காட்டுச் சேரிகளும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக உரையாற்ற வேண்டும் என்று அழைத்தவர்கள், என்ன தலைப்பு என்று கேட்டார்கள். ஆவாரை என்றோம். தொலைபேசியின் அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. சாதி ஒழிப்பு, பௌத்தம், இட ஒதுக்கீடு என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். பண்டிதர் இதழாசிரியர், பௌத்தர், சாதி எதிர்ப்பாளர். அதோடு சோறு போட்ட தொழிலாக அவர் கையில் இருந்தது சித்த மருத்துவம். அவர் நினைவில் ஒரு மூலிகையைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை என்று நினைக்கிறோம்.

ஆம்பூரில் எந்த நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும் ஆவாரம்பூப் பொடி இருக்கும். இலைப்பொடி இருக்கும். இப்போது தேநீர்ப் பையாகவும் வந்துவிட்டது. நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் சர்க்கரை என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, நேராகச் சொல்லாமல் சொல்லியிருப்பார்கள். அட்டையில் தாடி வளர்த்த ஒரு ரிஷி உட்கார்ந்திருப்பார். அந்தப் படம்தான் எங்களை உறுத்தியது. கடையிலிருந்து நாலு தெரு தள்ளினால் தோல் ஷாப்பு. அங்கே மூன்று தலைமுறையாக ஆவாரையோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகம்கூட எந்த அட்டையிலும் இல்லை.

ஆவாரையை மரம் என்று சொல்லலாமா என்று தாவரவியல் படித்த தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. புதர்ச்செடி என்றுதான் புத்தகம் சொல்லும். ஆனால் விட்டு வைத்தால் ஆள் உயரம் தாண்டிச் சிறு மரமாக நிற்கும். நம் பக்கத்தில் அதை யாரும் விட்டு வைக்கவில்லை. வெட்டி வெட்டித்தான் செடியாக்கினோம். சங்க இலக்கியத்தில் அது ஆவிரை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் ஒன்று. மடலேறுகிறவன் சூடிக்கொள்ளும் பூ. ஆவாரை பூத்த ஊரில் சாவு எங்கிருந்து வரும் என்று கேட்கும் பழமொழியை எல்லோரும் அறிவோம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஊர்களில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் கூரையில் செருகுவது இதைத்தான். ஆங்கிலத்தில் அதன் பெயர் என்ன தெரியுமா? 'டேனர்ஸ் காசியா'. தோல் பதனிடுகிறவரின் கொன்றை என்று பொருள். வெள்ளைக்காரன் அதை அழகுக்காகவும் அழைக்கவில்லை, மருந்துக்காகவும் அழைக்கவில்லை. தொழிலாளியின் பெயரால் அழைத்தான். நம் மொழியில் அந்தத் தொழிலாளியின் சாதிப்பெயர் வசவாக இருக்கும்போது, அந்நியன் மொழியில் அது ஒரு பூவின் பெயராக இருப்பது விசித்திரம்தான்.

ஒரே செடி தோலுக்கும் உடம்புக்கும் எப்படிப் பயன்படுகிறது? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றால் போதும். நாக்கு சுருங்கும். அதுதான் துவர்ப்பு. சித்த மருத்துவம் சொல்லும் ஆறு சுவைகளில் ஒன்று. வேதியியல் அதை டானின் என்கிறது. டானின் புரதத்தோடு பிணைந்து அதை இறுக்கும். செத்த மாட்டின் தோலில் உள்ள புரதத்தை இறுக்கினால் அது அழுகாத தோலாகிறது. உயிருள்ள உடம்பில் புண்ணின் மேற்பரப்பை இறுக்கினால் கசிவு நிற்கிறது. குடலின் உள்பக்கத்தை இறுக்கினால் கழிச்சல் கட்டுப்படுகிறது. ஆவாரம்பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டானின். இலையிலும் பூவிலும் அதைவிடக் குறைவு. ஆகவே பட்டை குழிக்குப் போனது, இலையும் பூவும் அடுப்புக்குப் போயின. கடுக்காயின் கதையும் இதுவே. தோலை வெளுப்பாக்கி முடிக்கும் கடைசித் தொட்டியில் கடுக்காய். திரிபலா சூரணத்தில் நெல்லிக்காய், தான்றிக்காயோடு அதே கடுக்காய். தோலுக்குப் பூசிய புங்க எண்ணெயைத்தான் சொறி சிரங்குக்கும் பூசினோம். தோல் ஷாப்பும் மருந்துப் பெட்டியும் ஒரே காட்டிலிருந்து நிரம்பின. ஒன்றுக்குத் தீட்டு, மற்றதற்குத் தெய்வீகம்.

சென்னை மாகாணத்தில் தோல் ஏற்றுமதித் தொழிலாக ஆனது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். மொரீஷியஸிலிருந்து வந்து புதுச்சேரியில் தங்கிய சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் ஆவாரம்பட்டைப் பதனிடலைச் செம்மைப்படுத்தினார் என்று காலனியப் பதிவுகள் சொல்கின்றன. 'செம்மைப்படுத்தினார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் வரும் முன்பே பட்டையில் தோல் ஊறப்போட்டு, செருப்பும் கமலைத் தோலும் செய்துகொண்டிருந்தவர்கள் யார் என்ற கேள்வியை அந்தச் சொல் தாண்டிப் போய்விடுகிறது. 1904இல் ஆல்பிரட் சாட்டர்டன் இம்மாகாணத்துத் தோல் தொழில் பற்றி எழுதிய தனிநூல் வெளிவந்தது. அவரேதான் 1903 முதல் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்தவர். அவருக்கு ஆவாரை பழைய காலம், குரோமியம் புதிய காலம்.

பட்டைப் பதனிடல் எப்படி நடந்தது என்று பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் வயதானவர்களிடம் கேட்டோம். அப்பனும் தாத்தனும் செய்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். உப்புத் தோலைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. மயிர் கழன்றதும் மரக்கட்டையில் போட்டு, வளைந்த கத்தியால் சதையைச் சீவுவார்கள். சுண்ணாம்பு போகக் கழுவி, முதலில் இளம் பட்டைத் தண்ணீரிலும் அப்புறம் கெட்டியான பட்டைத் தண்ணீரிலும் போடுவார்கள். குழியில் இறங்கிக் காலால் மிதிப்பார்கள். மாட்டுத் தோல் பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும். முதலாளிகள் பெரும்பாலும் இஸ்லாமிய வணிகர்கள். குழியில் நின்றவர்கள் பறையரும் அருந்ததியரும். இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத நிலவுடைமைச் சாதியிடம் படியாளாகக் கிடந்தவர்களுக்கு, தோல் ஷாப்பின் வாரக்கூலி ஒரு வெளிவாசல். ஒடுக்குமுறை அங்கும் இருந்தது. ஆனால் கூலி நெல்லாக வராமல் காசாக வந்தது. காசைக் கையில் வைத்திருப்பவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், இதழ் வாங்கலாம். பண்டிதரின் 'தமிழன்' இந்தப் பகுதியில் வாசிக்கப்பட்டதற்கும், திருப்பத்தூரில் ஏ.பி. பெரியசாமிப் புலவர் போன்ற சாக்கிய பௌத்தர்கள் எழுந்ததற்கும், பக்கத்துக் கோலார் தங்கவயலில் நம்மவர் சங்கம் கண்டதற்கும் இந்தக் காசுக் கூலியில் ஒரு வேர் உண்டு என்பது எங்கள் எண்ணம்.

சுண்ணாம்பு கையைத் தின்றது. விரலிடுக்கு வெந்து தோலுரியும். "பட்டத் தண்ணியில கைய முக்கினா எரிச்சல் அடங்கிடும்" என்றார் ஒரு தாத்தா. அவர் அப்பா சொன்னதாம். மாட்டுத் தோலுக்குப் போட்ட சாறே மனிதத் தோலுக்கும் மருந்தாயிற்று. பித்தவெடிப்புக்கு ஆவாரம் இலையை அரைத்துப் பாதத்தில் அப்பினார்கள். சித்திரை வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் இலைக்கொத்தைத் தலையில் வைத்துத் துண்டு கட்டினார்கள். மண்டைச் சூடு இறங்கும் என்றார்கள். கொழுந்தையும் பூவையும் பருப்போடு வேகவைத்துக் கூட்டு செய்தார்கள். பஞ்ச காலத்தில் காப்பித்தூள் வாங்க முடியாத வீடுகளில் காய்ந்த பூவும் இலையும் கொதித்தன. உவர் நிலத்தில் நெல் நட்டவர்கள் ஆவாரந் தழையைச் சேற்றில் மிதித்து உரமாக்கினார்கள். இது எதுவும் ஓலைச்சுவடியில் பார்த்துச் செய்ததல்ல. மாமியார் மருமகளுக்குக் காட்டியது. இலங்கையில் இதே செடி சிங்களத்தில் ரணவரா. அங்கே அதன் பூவையும் இலையையும் கொதிக்க வைத்துக் குடிப்பது இன்றும் வழக்கம். கருப்பட்டி கடித்துக்கொண்டு குடிப்பார்கள்.

பட்டை உரிப்பது தனி வேலை. காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் குச்சியை வெட்டி, கல்லில் தட்டி, பட்டையைக் கழற்றி, காயவைத்துக் கட்டாகக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். முதல் உலகப்போரின்போது இம்மாகாணத்தின் ஆவாரம்பட்டைத் தோல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்குப் போனது. தேவை ஏறியது, புதர்கள் அற்றுப்போயின. பட்டை விலை ஏறியதும் வியாபாரிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டையை இறக்கினார்கள். இங்கே நாங்கள் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி அரை நூற்றாண்டு, வட ஆற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் நம்மவர்கள். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், தேயிலை, வாட்டில் தோட்டம் என்று எல்லாவற்றிலும் வேலை செய்தார்கள். அந்த மண்ணின் பட்டைதான் திரும்பிக் கப்பலேறி நம் ஊர்க் குழிகளுக்கு வந்தது. ஆள் போனது, பட்டை வந்தது. ஆள் திரும்பி வரவில்லை.

ஆவாரையைக் கடைசியாக வெளியேற்றியது வாட்டில் அல்ல, குரோமியம். 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் ஊக்குவிக்கும் கொள்கைக்கு மாறியது. மதிப்புக் கூட்டல் என்ற வகையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஷூ கம்பெனிகளில் நம் பெண்கள் பல்லாயிரம் பேர் மாதச் சம்பளம் வாங்குவது அதனால்தான். ஆனால் வாரக்கணக்கில் ஆன வேலை குரோமிய ட்ரம்மில் ஒரு நாளில் முடிந்தது. உப்பும் குரோமியமும் பாலாற்றில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. குரோமியப் பதனிடலில் சுமார் 170 வகை வேதிப்பொருட்கள் பயன்படுவதையும் சொல்கிறது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் வேரூன்றியது இந்த வழக்கில். நம் மாவட்டத்துக்கு அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். பாபாசாகேப் பெயர் அந்தத் தீர்ப்பில் மாசுபட்ட மாவட்டங்களின் வரிசையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரும் நீடிக்கவில்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். குழியில் நிற்பவர் ஊர் மாறியிருக்கிறது, குழி மாறவில்லை.

இப்போது பண்டிதரிடம் வருவோம். 1845இல் பிறந்த காத்தவராயன், தன் ஆசிரியரின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். சென்னை இராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். திரு.வி.க. சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்தபோது பண்டிதரின் மருந்தால் தேறியதைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பறையர் என்று ஒதுக்கப்பட்டவர் கையால் மருந்து வாங்கிக் குடிக்க நோய்க்குத் தயக்கம் இல்லை. பண்டிதர் இலைகளுக்கும் வரலாறு எழுதினார். அம்மன் வழிபாட்டின் வேப்பிலையை அவர் மருத்துவமாகப் படித்தார்: அம்பிகை என்பவள் நோய் தீர்த்த பௌத்தப் பிக்குணி, வேப்பிலை அவள் தந்த மருந்து, பின்னால் வந்தவர்கள் மருந்தைச் சடங்காக்கினார்கள் என்பது அவர் வாதம். அவருடைய சொல்லாராய்ச்சியை எல்லாம் இன்றைய வரலாற்று முறை ஏற்காது. நாங்களும் வரிக்கு வரி ஏற்கவில்லை. ஆனால் ரிஷியின் தாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை அவரிடமிருந்துதான் கற்றோம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர். உள்ளே போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை வாசித்து நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அவர் 1914இல் மறைந்தார். அதற்குப் பின் நாட்டு மருத்துவம் சான்றிதழ் மருத்துவமாக மாறியது. சென்னை அரசு அமைத்த முகமது உஸ்மான் குழு 1923இல் அறிக்கை தந்தது. 1925இல் இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. இதை நாங்கள் வரவேற்கிறோம். இட ஒதுக்கீட்டின் வழியாக நம் பிள்ளைகள் அங்கே சித்த மருத்துவர்களாக வெளிவருகிறார்கள். முறையான படிப்பில்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய உரிமை கோர முடியாது என்று கேரள வைத்தியர்கள் வழக்கில் 2018இல் உச்சநீதிமன்றம் சொன்னதும் மக்களின் உயிர்ப் பாதுகாப்பு என்ற கோணத்தில் புரிகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டி இலை அரைத்துக் கொடுத்துக் காசு வாங்கினால் போலி வைத்தியம். அதே இலையைக் கம்பெனி பொடியாக்கி டப்பாவில் அடைத்தால் உணவுத் துணைப்பொருள். பாட்டி சொன்னதைப் பாட்டியால் விற்க முடியாது, கம்பெனியால் முடியும்.

பங்கு கேட்கச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உயிர்ப்பன்மைச் சட்டம் 2002இல் வந்தது. அதற்கு முன்பே கேரளத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. அகத்தியமலைக் காணிப் பழங்குடிகள் 1987இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கியது. அந்த ஏற்பாட்டிலும் பின்னால் தகராறுகள் வந்தன, ஆனாலும் அறிந்தவருக்குப் பங்கு என்ற கொள்கை நடைமுறையில் ஒருமுறை நின்றது. 2023இல் சட்டத்தைத் திருத்தியபோது, நூலேறிய மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பங்கு தரும் கடமையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஆவாரை நூலேறியது. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை சேர்ந்த ஆவாரைக் குடிநீர் சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குப் புகழ்பெற்ற மருந்து. ஆகவே கம்பெனி யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. நம் பெண்களிடம் இருந்தபோது அது எழுதப்படாத பேச்சு, ஆதாரமில்லாதது. பணம் என்று வந்ததும் அது எழுதப்பட்ட அறிவு, எல்லோருக்கும் பொதுவானது. இரண்டு கதவும் நமக்கு மூடியிருக்கின்றன.

ஆதாரம் என்ற சொல்லிலிருந்து நாமும் தப்பிக்கக் கூடாது. ஆவாரம்பூச் சாறு நீரிழிவு எலிகளின் சர்க்கரையைக் குறைத்ததாக அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். எலி எலிதான். மனிதர்களிடம் இன்சுலினுக்கோ மாத்திரைக்கோ மாற்றாக நிற்கும் என்று காட்டும் அளவுக்குப் பெரிய ஆய்வு வரவில்லை. மறுபக்கம், கல்லீரலைக் கெடுக்கக்கூடிய பைரோலிசிடின் வகை ஆல்கலாய்டுகள் இச்செடியில் இருப்பதை 1981இல் இலங்கை ஆய்வு ஒன்று கண்டது. எப்போதாவது கூட்டில் வேகவைத்துத் தின்பதும், தினமும் மூன்று வேளை பொடியாக விழுங்குவதும் ஒன்றல்ல. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் தங்கை ஒருத்தி, இயற்கை மருந்துக்குப் பக்க விளைவு கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்தினாள். காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சேரியில் பிறந்த அறிவு என்பதற்காக அதைக் கும்பிட வேண்டியதில்லை. சோதிக்கக் கேட்பதும் அதற்குத் தரும் மரியாதைதான். சோதிக்கிறவர்கள் யாரிடமிருந்து தெரிந்துகொண்டோம் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் இந்த ஆண்டு ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு ஊராட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பதிவேடு எழுத வேண்டும் என்பது சட்டம். பல ஊர்களில் அந்தப் பதிவேடு மேசையில் உட்கார்ந்து எழுதப்படுகிறது. ஊர்த்தெருவில் நாலு பேரைக் கேட்டு முடித்துவிடுகிறார்கள், காலனிக்குள் வருவதில்லை. ஆம்பூரைச் சுற்றி ஆறு காலனிகளில் மாணவர்கள் நோட்டோடு போகிறார்கள். செடியின் பெயர், எந்தப் பாகம், எதற்கு, எப்படி, எவ்வளவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கட்டங்கள். கர்ப்பிணிக்குக் கூடாது, கைக்குழந்தைக்குக் கூடாது என்று பெண்கள் தாமாகவே சொன்னதைக் கேட்டு அந்தக் கடைசிக் கட்டத்தைப் பிறகு சேர்த்தோம். கிராம சபையில் இந்த நோட்டை வைத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் கேட்கப் போகிறோம். பாலாற்றங்கரையில் ஆவாரை அருகிவிட்டதால் இலை பறிக்க ஜவ்வாது மலையடிவாரம்வரை போக வேண்டியிருக்கிறது என்பதையும் அவர்கள் சொன்னபடி எழுதியிருக்கிறோம்.

"யாரிடமிருந்து கற்றது" என்று ஒரு கட்டம் உண்டு. எண்பது தாண்டிய ஒரு அம்மா, பித்தவெடிப்புக்கு இலை அரைக்கும் பக்குவத்தைச் சொல்லி முடித்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் மாணவி கேட்டாள், யார் சொல்லிக் கொடுத்தது பாட்டி என்று. "எம் மாமியாக்காரிதான். பட்ட உரிக்கப் போவா. உரிச்சது ஷாப்புக்கு, எல எங்களுக்கு" என்றார். மாணவி அதை அப்படியே எழுதினாள்.